அவரே அரைத்துக்கொள்ளும் மாவு

மார்ச் 3, திங்கள்

இந்த நோட்டு ஸ்டெல்லா மேடம் கொடுத்தது. குடி மறுவாழ்வு மையத்தில் குடும்பத்தினருக்கென்று ஒரு கூட்டம் வைத்து, வந்திருந்த மனைவிமார் எல்லோருக்கும் ஆளுக்கொன்று கொடுத்தார். "மனசுல இருக்கிறத அப்படியே எழுதுங்கம்மா. யாரும் படிக்கமாட்டோம்" என்றார். எல்லா மேடம்களும் அப்படித்தான் சொல்வார்கள். ஆனாலும் எழுதுகிறேன். பகலெல்லாம் ஊரார் விஷயத்தை டைப் அடிக்கிற எனக்கு, சொந்த விஷயத்துக்கென்று இதுவரை ஒரு பக்கம்கூட இருந்ததில்லை.

முதலில் யார், என்ன என்று எழுதச் சொன்னார். என் பெயர் பூரணம். வயது நாற்பத்து நான்கு. அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு டி.டி.பி. கடையில் வேலை. கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி போஸ்டர் எல்லாம் என் விரல் வழியாகத்தான் போகும். வீட்டுக்காரர் சோலைராஜ், லேத் பட்டறையில் டர்னர். ஒரே மகள் ரஞ்சனி மதுரையில் ஹாஸ்டலில் தங்கி நர்சிங் படிக்கிறாள். அவர் பத்தொன்பது வருடம் குடித்தார். போன நவம்பரில் பட்டறையிலேயே நெஞ்சடைத்து விழுந்து, நாலு நாள் ஐ.சி.யு.வில் கிடந்து பிழைத்தார். அங்கிருந்து மையத்துக்குப் போனவர், மூன்று மாதம் கழித்து நேற்று முன்தினம்தான் வீட்டுக்கு வந்தார்.

இனி நான் பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று. மறுபடி குடிக்கிறாரா, இல்லையா.

பஸ்ஸில் வரும்போது மடியில் ஓர் ஊறுகாய் பாட்டில். ஜன்னல் சீட் காலியாக இருந்தும், பாட்டிலில் வெயில் படும் என்று உள் சீட்டில் உட்கார்ந்து வந்தார். உள்ளே இருந்தது புளித்த கோதுமை மாவு. மையத்தில் ரொட்டி போடும் அடுப்பு இருக்கிறது, அங்கே வேலை கற்றிருக்கிறார். இந்த மாவைத் தாய்மாவு என்பாராம் அங்கே ரொட்டி போடக் கற்றுத்தந்த மாஸ்டர். தினமும் இதற்கு ஒரு பிடி மாவும் தண்ணீரும் கொடுத்து வளர்த்தால் ஈஸ்ட் வாங்க வேண்டாம், இதுவே ரொட்டியைப் பொங்க வைத்துவிடும்.

அவருக்குப் பிடித்த கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு வைத்திருந்தேன். "வயிறு இன்னும் சரியாகல" என்று, மையத்தில் கொடுத்தனுப்பிய ரொட்டியையும் இரண்டு வாழைப்பழத்தையும் தின்றுவிட்டுப் படுத்தார். வயிறு சரியாகவில்லை என்றால் சரியாகவில்லைதான்.

மார்ச் 4, செவ்வாய்

காலை ஐந்தரைக்கு மிக்ஸி சத்தம். சட்னி என்று நினைத்து எழுந்தேன். கோதுமை.

மார்ச் 7, வெள்ளி

மூன்று நாளாக வீடு முழுக்க மாவு. கோதுமையை அவரே கடையில் பார்த்து வாங்கி, கல் பொறுக்கி, கழுவி, மொட்டைமாடியில் காயப் போடுகிறார். சின்ன ஜாரில் ஒரு பிடி போட்டு அரைப்பார். மிக்ஸி சூடாகிவிடும் என்று நிறுத்துவார். மறுபடி ஒரு பிடி. சலித்துத் தவிட்டை எடுத்து, அதையும் ஒரு சுற்று விடுவார். ஒரு ரொட்டிக்கு முக்கால் மணி நேரம்.

"மில்லுல குடுத்தா பத்து நிமிசம்ங்க. நான் வேலைக்குப் போறப்ப குடுத்துட்டுப் போறேன்."

"வேணாம். நானே அரைச்சுக்கிறேன்."

பிசைகிறபோதுதான் கை நடுக்கம் தெரிகிறது. பட்டறை முதலாளி, நடுக்கம் நின்றால் வா என்று சொல்லியிருக்கிறார். அழுத்திப் பிசைந்தால் நிற்கும் என்று மையத்தில் சொன்னார்களாம். பாட்டிலில் மாவு நிற்கிற மட்டத்தில் ஒரு ரப்பர் பேண்டைப் போட்டுவிட்டு, காலையில் இரும்பு ஸ்கேலை வைத்து அளக்கிறார். "மூணு நூல் ஏறிருக்கு." பட்டறைக் கணக்கில் எட்டு நூல் ஓர் அங்குலம்.

நம் வீட்டில் ஓவன் ஏது? குக்கரில் கல்லுப்பைப் பரப்பி, வெயிட்டும் ரப்பரும் இல்லாமல் மூடிச் சூடாக்கி, உள்ளே மாவுக் கிண்ணத்தை வைத்துச் சிறு தீயில் ஒரு மணி நேரம். முதல் ரொட்டியைச் சன்னலுக்கு முட்டுக் கொடுத்திருக்கலாம். அவர் அதையும் பாலில் ஊறப் போட்டுத் தின்றார். பாலையும் அவரே காய்ச்சினார்.

எதிர்வீட்டுச் செல்லக்கனி வாசலில் நின்று, "என்ன மதினி, ரொட்டி வாசனை வருது, யாருக்குக் காய்ச்சல்?" என்றாள். இந்த ஊரில் வீட்டுக்குள் ரொட்டி வந்தால் யாரோ படுத்திருக்கிறார்கள் என்றுதான் அர்த்தம். "யாருக்குமில்ல, ஆசைக்கு" என்றேன். அவள் நம்பவில்லை.

பழைய கோதுமை மாவு டப்பாவைக் கொட்டிக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன். வண்டு வந்திருந்தது.

மார்ச் 10, திங்கள்

என் மூக்கைப் பற்றி எழுத வேண்டும்.

என் பெயரின் முதல் எழுத்து 'பூ'. அதைச் சொன்னால் உதடு குவிந்து காற்று வெளியே வந்தாக வேண்டும். பத்தொன்பது வருடமாக, அவர் படியேறும் சத்தம் கேட்டதும் எதிரே போய் நிற்பேன். "யாரு?" என்பேன், யாரென்று தெரிந்தே. "பூரணம், நாந்தான்" என்பார். அந்த ஒரு 'பூ'வில் எவ்வளவு குடித்தார், எத்தனை மணிக்குக் குடித்தார், மறைக்க எதை மென்றார் என்பது வரை தெரிந்துவிடும். எனக்கு இந்தப் பெயரை வைத்த என் அப்பாவுக்கு இப்படி ஓர் உபயோகம் இருப்பது தெரிந்திருக்காது.

இப்போதும் போய் நிற்கிறேன். அவருக்கும் தெரியும். தேவைக்கு மேலேயே ஊதிச் சொல்கிறார். வெறும் வாய் வாசனைதான். நான் உள்ளே திரும்பி விளக்கமாற்றையோ வாளியையோ எடுக்கிறேன், ஏதோ அதற்காகத்தான் வாசலுக்கு வந்த மாதிரி.

சோர்வாக இருக்கிறது. அவர் குடித்தபோதுகூட இவ்வளவு சோர்வு இல்லை. அப்போது குடித்திருக்கிறார் என்று தெரிந்ததும் வேலை முடிந்துவிடும். இப்போது வேலை முடிவதே இல்லை.

மார்ச் 16, ஞாயிறு

மையத்துக்கு இருவரும் போய் வந்தோம். ஸ்டெல்லா மேடம் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நல்லா சாப்பிடுறாராம்மா?" என்று கேட்டார்.

"எல்லாம் சாப்பிடுறாரு மேடம்."

பதினைந்து நாளாக அவர் சாப்பிட்டது: அவரே அரைத்து அவரே சுட்ட ரொட்டி. அவரே வேகவைத்த முட்டை. தோல் உரிக்கிற பழம். கடையில் வாங்கி அவரே பிரித்த தயிர். தண்ணீரும் அவரேதான் பிடித்துக்கொள்கிறார். நான் வைத்த சோற்றை ஒரு பருக்கை தொடவில்லை. பத்தியம் என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

மார்ச் 25, செவ்வாய்

இன்று சிரித்தோம். எழுதி வைக்க வேண்டிய விஷயம்.

நேற்று மிக்ஸி புகைந்து நின்றுவிட்டது. வேறு வழியில்லாமல் கோதுமையைத் தூக்கிக்கொண்டு அவரே மில்லுக்குப் போனார். எனக்குக் கடை விடுமுறை, கூடப் போனேன். மில்லுக்காரம்மாவிடம், "முன்னாடி என்ன அரைச்சீங்க?" என்று விவரமாகத்தான் கேட்டார். "கோதுமைதாண்ணே" என்றாள் அந்த அம்மா. மாவு விழுகிற வாய்க்கு நேரே, மிஷினை விட்டுக் கண்ணை எடுக்காமல் நின்றார். பையை என்னிடம் கொடுக்காமல் அவரே சுமந்து வந்தார்.

அந்தக் கோதுமைக்கு முன்னால் மிளகாய் வற்றல் அரைத்திருக்கிறாள். ஒரு கோதுமை அரைத்த பிறகும் மிஷினுக்குள் மிச்சம் இருந்திருக்கிறது. ரொட்டி இளம் சிவப்பில் பொங்கி வந்தது. குக்கரைத் திறந்ததும் இருவருக்கும் தும்மல். ஒரு துண்டைக் கடித்துவிட்டு, கண்ணில் தண்ணீரோடு, "சால்னா இல்லாமலே இறங்குது" என்றார். எனக்கும் ஒரு துண்டு பிய்த்துக் கொடுத்தார். வாங்கித் தின்றேன். காரம், புளிப்பு, நன்றாகவே இருந்தது. மூச்சுவிட முடியாமல் சிரித்தோம்.

சிரித்து முடித்து, சூட்டோடு சூடாக, "மோர் கலக்கித் தரவா?" என்றேன். சிரிப்பு நின்றது. "வேணாம், பழம் இருக்கு" என்றார்.

அவர் கையால் நான் தின்கிறேன். இதை இதற்கு மேல் எழுத விருப்பமில்லை.

மார்ச் 27, வியாழன்

மிக்ஸி சரியாகி வந்துவிட்டது. ஐந்தரை மணிச் சத்தமும்.

ஏப்ரல் 5, சனி

ரஞ்சனி வந்திருக்கிறாள். அப்பாவும் மகளும் மாவைப் பிசைந்து கூத்தடித்தார்கள். பக்குவம் வந்துவிட்டது அவருக்கு. ரொட்டி மெத்தென்று இருக்கிறது, அடியைத் தட்டினால் டொக் டொக் என்கிறது. அப்படிக் கேட்டால் உள்ளே வெந்துவிட்டது என்று கணக்காம்.

மத்தியானம் நான் பாத்திரம் கழுவும்போது பக்கத்தில் வந்து நின்றாள்.

"ஏம்மா, அப்பா ஏன் நீ வச்ச குழம்ப ஊத்திக்கிற மாட்டேங்காரு?"

"பத்தியம்."

"என்ன பத்தியம்? நான் நர்சிங் படிக்கிறேம்மா. அப்படி ஒரு பத்தியம் கெடையாது."

"எல்லாம் உன் பொஸ்தகத்துல போட்டிருக்காது. அந்தத் தட்டை எடு."

ஏப்ரல் 14, திங்கள்

வருடப் பிறப்பு. வடை, பாயசம், மாங்காய்ப் பச்சடி, அவியல். காலை நாலு மணியிலிருந்து நின்றேன். இலை போட்டேன். அவர் குளித்து, விபூதி பூசி, வந்து உட்காரவும் செய்தார். பச்சடியைத் தொட்ட விரல் அப்படியே நின்றது. நெற்றியில் வியர்வை. பிறகு எழுந்து, "மன்னிச்சுக்க" என்றுவிட்டு மாடிக்குப் போய்விட்டார். கோதுமை காய்ந்துகொண்டிருந்தது அங்கே.

அந்த இலையை நான் மூடவில்லை. எதிரே உட்கார்ந்து நானே தின்றேன், ஒன்று விடாமல், அவியல் வரை. அழுதுகொண்டேதான் தின்றேன். நான் என்ன

மேலே ஒரு வரியை அடித்துவிட்டேன்.

ஏப்ரல் 23, புதன்

பட்டறையில் அரை நாள் வேலை. புஷ் என்கிற இரும்பு வளையம் ஒன்றைக் கடைந்து கொடுத்தாராம். முதலாளி அளந்து பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் அடுத்ததைக் கொடுத்தாராம். ஒன்றும் சொல்லாததுதான் பாராட்டு என்றார். கையை நீட்டிக் காட்டினார். நடுக்கமே இல்லை என்று சொல்லிவிடலாம்.

டிபன் டப்பாவில் ரொட்டி. டப்பாவையும் அவரே கழுவிக்கொள்கிறார். தாய்மாவு ஏழு நூல் ஏறுகிறது.

மே 4, ஞாயிறு

அக்னி நட்சத்திரம் ஆரம்பம். ஃபேன் காற்றே சுடுகிறது. மாவு சீக்கிரம் புளித்துப் பொங்கி வழிகிறது என்று புலம்பினார். மறுவாழ்வு, மறுவாழ்வு என்கிறார்கள், மாவுக்குத்தான் முதலில் வருகிறது.

மே 6, செவ்வாய்

நடந்தது நடந்தபடி எழுதுகிறேன்.

மூன்று மணிக்கே கடையில் கரண்ட் போனதால் வீட்டுக்கு வந்தேன். அவர் பட்டறையில். சமையலறை அலமாரியில் ஊறுகாய் பாட்டில் இல்லை. அதைக் கவனித்தேனா இல்லையா என்று இப்போது சொல்லத் தெரியவில்லை. குளியலறைக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டிக்கும் மதிலுக்கும் நடுவே ஒரு சந்து உண்டு. முன்பு அவர் பாட்டிலை ஒளிக்கிற இடம். இரண்டு மாதமாக வாரம் ஒருமுறை அங்கே கைவிட்டுப் பார்ப்பேன். நோட்டில் இதை எழுதவில்லை.

இன்று கை ஈரச்சாக்கில் பட்டது. உள்ளே பாட்டில்.

மூடியைத் திறந்தேன். சாராயம். என் மூக்கு இதில் தப்பாது. மேலே பழுப்பு நிறத்தில் தெளிந்த தண்ணீர். உண்மையைச் சொன்னால், நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. அப்பாடா, முடிந்தது, இனி வாசலில் போய் நிற்க வேண்டாம் என்று. அந்த நிம்மதியோடுதான் சாக்கடையில் கவிழ்த்தேன்.

தண்ணீர் போன பிறகு, பின்னாலேயே வெள்ளையாக, கூழாக, கனமாக விழுந்தது. அப்போதாவது நிமிர்த்தியிருக்கலாம். பாதியாவது மிஞ்சியிருக்கும். நான் நிமிர்த்தவில்லை. கடைசி வரை கொட்டி, குழாயைத் திறந்து கழுவியும் விட்டேன்.

ஆறு மணிக்கு வந்தார். வாசலில் நான் இல்லாததைப் பார்த்ததுமே ஏதோ புரிந்திருக்க வேண்டும், நேரே பின்னால் போனார். கழுவின பாட்டில் தொட்டி மேல் கவிழ்ந்திருந்தது. சாக்கடை ஓரத்தில் கொஞ்சம் மாவு காய்ந்திருந்தது. குத்துக்கால் வைத்து உட்கார்ந்து அதைப் பார்த்தார்.

"சூடு தாங்கலன்னு குளிர்ச்சியான எடத்துல வச்சேன் பூரணம். ரெண்டு நாளா ஓவர் டைம், மாவு போட மறந்துட்டேன். பசிச்சா அது மேல தண்ணி விட்டுரும். சாராய வாசனைதான் அடிக்கும். ஒரு பிடி மாவு போட்டா சரியாயிரும்."

கத்தியிருக்கலாம். கத்தவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். நான் தடுக்கவில்லை. எந்தப் பக்கம் திரும்பினார் என்று பார்க்கவும் இல்லை. சாராயக் கடை எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியும்.

ஏழேகாலுக்குத் திரும்பி வந்தார். என் கால் தானாகவே வாசலுக்குப் போயிருந்தது. ஒரு முழத் தூரத்தில் நின்று, "பூரணம்" என்று ஊதினார். "பூரணம், பூரணம், பூரணம். நல்லா மோந்து பாத்துக்க. கடை வாசல் வரைக்கும் போனேன். நின்னேன். திரும்பிட்டேன்."

வெறும் வாய் வாசனை. எனக்கு அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போல இருந்தது.

மே 7, புதன்

வேலைக்குப் போகவில்லை. அவரும் போகவில்லை. அவரிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன்.

முதலில் இங்கே எழுதிவிடுகிறேன். போன வருடம் எங்கள் கடைக்கு ஒரு நோட்டீஸ் வந்தது. 'குடிப்பவருக்குத் தெரியாமலே குடியை நிறுத்தலாம். சுவை இல்லை, மணம் இல்லை.' நான்தான் டைப் அடித்தேன். ஒற்று விட்டுப்போன இரண்டு இடத்தில் சேர்த்தேன். பிறகு அதே நோட்டீஸில் இருந்த நம்பருக்கு நானே போன் பண்ணினேன். பொடி வந்தது. சப்பாத்தி மாவு டப்பாவில் கலந்தேன். மூன்றாவது நாள், சப்பாத்தியைத் தின்றுவிட்டுப் போனவர் குடித்துவிட்டுப் பட்டறையில் முகமெல்லாம் சிவந்து, மூச்சு வாங்கி விழுந்தார். ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னைக் கேட்டார், "வேற எதாவது மருந்து குடுத்தீங்களாம்மா?" இல்லை என்றேன். இரண்டு தடவை கேட்டார். இரண்டு தடவையும் இல்லை என்றேன்.

டப்பாவில் வண்டு வரவில்லை. மார்ச்சில் நான் கொட்டியது அந்த மாவைத்தான்.

அவர் ஐ.சி.யு.வில் கிடந்த இரண்டாம் நாள், வீட்டுக்குத் துணி எடுக்க வந்த இடைவெளியில் கடைக்குப் போய், அவருக்குக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் டைப் அடித்து வைத்தேன். தேதியை மட்டும் காலியாக விட்டு. மூன்றாம் நாள் ஐ.சி.யு. வாசல் பெஞ்சில் நன்றாகத் தூங்கினேன். பல வருடத்தில் அப்படித் தூங்கியதில்லை. நிறுத்த வேண்டும் என்றுதான் பொடி போட்டேன். ஆனால் தூங்கினேன். அதையும் எழுதிவிட வேண்டும்.

காலையில் அவர் முட்டை உரித்துக்கொண்டிருந்தார். எதிரே உட்கார்ந்தேன்.

"நவம்பர்ல... அந்தச் சப்பாத்தி மாவுல..."

"தெரியும்."

முட்டையை உரிப்பதை நிறுத்தவில்லை.

"எப்பருந்து?"

"மையத்துல டாக்டரு கிளாஸ் எடுத்தாரு. இப்படி ஒரு மருந்து இருக்கு, அதத் தின்னுட்டுக் குடிச்சா மூஞ்சி செவக்கும், நெஞ்சு அடிச்சுக்கும், ஆளையே சாச்சுப்புடும், டாக்டரு பாக்காம யாருக்கும் குடுக்கக் கூடாதுன்னாரு. பத்துப் பேரு இருந்தோம். நாலு பேரு தலையக் குனிஞ்சுக்கிட்டோம்."

"ஏன் என்னைக் கேக்கல?"

"எந்த மூஞ்சிய வச்சுக் கேக்க? பத்தொம்போது வருசம் உன்ன என்ன பாடு படுத்துனேன்னு எனக்குத் தெரியாதா?" முட்டையைத் தட்டில் வைத்தார். "கோவம்னு நெனைச்சுக்காத. கோவம் இல்ல. சோத்தப் பாத்தா ஆசையாத்தான் இருக்கு. கை போகமாட்டேங்குது. பயம், பூரணம். அதான் மாவையும் நானே அரைச்சுக்கிறேன்."

சொல்லிவிட்டால் மனம் லேசாகும் என்பார்கள். ஆகவில்லை. உடம்பெல்லாம் அடித்துப் போட்ட மாதிரி இருக்கிறது.

சாயங்காலம் கடைக்குப் போய் அந்தப் போஸ்டரை அழித்தேன்.

மே 8, வியாழன்

புதிதாகத் தாய்மாவு உண்டாக்க எத்தனை நாளாகும் என்று கேட்டேன். பத்து நாள் என்றார். எப்போது ஆரம்பிக்கிறீர்கள் என்றேன். "பாப்போம்" என்றார். ஐந்தரைக்கு மிக்ஸி ஓடவில்லை. பழமும் முட்டையுமாகத் தின்றுவிட்டு முழுநாள் லேத்தில் நிற்கிறார். இப்படியே போனால் ஆள் மறுபடி விழுந்துவிடுவார், அல்லது மறுபடி குடிப்பார்.

கோதுமையைக் கல் பொறுக்கிக் கழுவிக் காயப் போட்டேன்.

மே 9, வெள்ளி

அரைத்தேன். ஒரு பிடி, நிறுத்து, ஒரு பிடி. முக்கால் மணி. அதே பாட்டில். மாவும் தண்ணீரும். அலமாரியில், எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில் வைத்தேன். நான் பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டது, சரியா தவறா தெரியாது. அவரிடம் சொல்லவில்லை.

மே 10, சனி

ஒன்றும் இல்லை.

மே 11, ஞாயிறு

ஒன்றும் இல்லை. லேசாக நாற்றம்.

மே 12, திங்கள்

காலையில் பார்த்தால் பாட்டிலில் ரப்பர் பேண்டு. நான் போடவில்லை.

மே 14, புதன்

ஒரு நூல்.

மே 16, வெள்ளி

நாலு நூல். ஸ்கேலை வைத்து நானே அளந்தேன். குளித்துவிட்டு வந்தவர் ஈரத் தலையோடு குனிந்து பாட்டிலைப் பார்த்தார். "ராத்திரி வெக்கைக்கு ரெண்டு வேளை போடணும் மாவு" என்றார். சரி என்றேன்.

ஸ்டெல்லா மேடம் போன் செய்தார். சாப்பிடுகிறாரா என்று கேட்டார். "நான் வச்சத சாப்பிடல மேடம். காரணம் இருக்கு. அடுத்த தடவ வரும்போது சொல்றேன்" என்றேன்.

மே 18, ஞாயிறு

ஏழு நூல். நாளைக்குச் சுடப் போகிறேன். கோதுமை அரைத்தாயிற்று.

மே 19, திங்கள்

நாலரைக்கு எழுந்தேன். நேற்றே பிசைந்து வைத்த மாவு கிண்ணம் நிறைய எழும்பியிருந்தது. குக்கரில் உப்பு, சிறு தீ, ஒரு மணி நேரம். அடியைத் தட்டினேன். டொக் டொக் என்றது. வெளியே எடுத்து ஆற வைத்துக்கொண்டிருக்கும்போதே அவர் குளித்து, சட்டை மாட்டிக்கொண்டு வந்துவிட்டார். தரையில் உட்கார்ந்தார். நான் கூப்பிடவில்லை.

ரொட்டியை நடுவில் வைத்தேன். அவருடையதைவிட ஒரு பக்கம் சாய்ந்துதான் இருந்தது. ஓரத்தில் ஒரு துண்டைப் பிய்த்தேன். அவர் கண் முன்னாலேயே நான் முதலில் தின்றுவிடுவது என்று இரவே முடிவு செய்திருந்தேன். என் கை வாய்க்குப் போவதற்குள் மணிக்கட்டைப் பிடித்தார்.

"வேணாம். குடு."

கொடுத்தேன். கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். விரல் நடுங்கியது, நின்றுபோன நடுக்கம். நெற்றி வியர்த்தது. சித்திரை மாத இலை எனக்கு ஞாபகம் வந்தது. எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். போனால் இனி ஒன்றும் சொல்லக் கூடாது என்றும் நினைத்துக்கொண்டேன்.

வாயில் போட்டார். மென்றார். வெகுநேரம் மென்றார். விழுங்கினார்.

"உப்பு பத்தல, பூரணம்."

இன்னொரு துண்டை அவரே பிய்த்துக்கொண்டார். மிச்சத்தில் பாதியை அறுத்து டிபன் டப்பாவில் போட்டு என்னிடம் நீட்டினார், மூடித் தரச் சொல்லி. மூடிக் கொடுத்தேன். சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்.

அவர் தெரு முனை திரும்பிய பிறகுதான் எனக்கு உறைத்தது. இவ்வளவு பக்கத்தில் உட்கார்ந்து என் பெயரைச் சொல்லியிருக்கிறார், நான் முகர்ந்து பார்க்கவில்லை.